வேலி பயிரை மேய்ந்த கதை

காசநோய்க்கு நம் ஊரில் பழைய பெயர் எலும்புருக்கி. வடமொழியில் க்ஷயம், அதாவது தேய்தல். ஆங்கிலேயர்களும் முன்னாளில் ஆளைத் தின்று தீர்க்கும் நோய் என்ற பொருளில்தான் இதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமலே மூன்று பேரும் ஒரே காட்சியைப் பார்த்திருக்கிறார்கள்: நோயாளி நாளுக்கு நாள் உருகிப் போகிறார். சரி, உருக்குவது யார்? கிருமி என்றுதான் நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது பாதி பதில். மீதிப் பாதி தெரிய மருத்துவ உலகத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த மீதிப் பாதியின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நான் டாக்டர் இல்லை, சாதாரண பொறியாளன். இருந்தாலும் இந்த விஷயம் என்னை இழுத்ததற்குக் காரணம் உண்டு. பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடே சேதத்துக்குக் காரணமாவதை எங்கள் தொழிலில் அடிக்கடி பார்க்கிறோம். தீயணைக்கத் திறந்துவிட்ட தண்ணீரில், தீயில் தப்பித்த மோட்டாரும் கோப்புகளும் போய்விடும். தண்ணீரைத் திறந்தது தப்பா என்றால் தப்பில்லை. எவ்வளவு, எத்தனை நேரம் என்பதுதான் கேள்வி. நம் உடம்புக்குள்ளும் இதே வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்று படித்தபோது விட மனசு வரவில்லை.

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததை அறிவித்தார். மனிதர்களில் ஏழில் ஒருவர் இந்த நோயால்தான் சாகிறார் என்று அன்று அவர் சொன்னார். அதே வருஷத்தின் கடைசியில் இத்தாலியின் மெஸ்ஸினா ஊரில் எலி மெட்ச்னிகாஃப் என்ற ரஷ்ய விலங்கியலாளர், கண்ணாடி போல உள்ளே தெரியும் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலை பார்த்தால், நடமாடும் செல்கள் கூட்டமாக வந்து முள்ளைச் சூழ்ந்து நிற்கின்றன. அந்நியப் பொருளை விழுங்கும் காவல்காரச் செல்கள் உடம்பில் உண்டு என்ற கொள்கை அங்கே பிறந்தது. இந்த மெட்ச்னிகாஃபின் முதல் மனைவி லுட்மிலா காசநோய்க்காரர். கல்யாணத்தன்றே அவரை நாற்காலியில் வைத்துத்தான் தூக்கி வந்தார்களாம். 1873-ல் மதீரா தீவில் அவர் இறந்தபோது மெட்ச்னிகாஃப் மார்ஃபின் குடித்துத் தற்கொலைக்கு முயன்று பிழைத்தார். காவல்செல்களைக் கண்டவர், அந்தக் காவல் தோற்றுப் போன வீட்டிலிருந்து வந்தவர்.

ஒருவர் எதிரியைக் கண்டார், இன்னொருவர் காவலைக் கண்டார். இனி காவலைத் தட்டி எழுப்பினால் எதிரி ஒழிந்தான் என்று யாருக்கும் தோன்றும். காக் அவர்களுக்கே தோன்றியது.

1890 ஆகஸ்டில் பெர்லினில் நடந்த சர்வதேச மருத்துவ மாநாட்டில், காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு பொருளைத் தான் கண்டிருப்பதாகக் காக் அறிவித்தார். நவம்பரில் கட்டுரையும் வந்தது. மருந்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை! அடுத்த சில வாரங்களில் ஐரோப்பாவின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் இருமிக்கொண்டே ஜனங்கள் ரயிலேறி பெர்லினுக்கு வந்து குவிந்தார்கள். 1891 ஜனவரியில்தான் ரகசியம் வெளிவந்தது. காசநோய்க் கிருமிகளிலிருந்து எடுத்த கிளிசரின் சாறு. ட்யூபர்குலின் என்று பெயர்.

மருந்தை முதலில் காக் தன் கையிலேயே ஊசி போட்டுக்கொண்டார். கால் மில்லிலிட்டர். மூன்று நான்கு மணி நேரத்தில் கை கால் வலி, இருமல், மூச்சு முட்டல். ஐந்தாவது மணியில் உடம்பு தூக்கிப் போடும் குளிர், காய்ச்சல். அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சாற்றில் உயிருள்ள கிருமி எதுவும் இல்லை. அப்படியானால் அந்தக் காய்ச்சலை உண்டாக்கியது யார்? அவருடைய உடம்புதான். வருஷக்கணக்காக அந்தக் கிருமியோடு புழங்கிய உடம்பு, எதிரியின் வாசனை பட்டதுமே படை திரட்டிவிட்டது என்று இன்றைக்குப் படிக்கும்போது தோன்றுகிறது.

நோயாளிகளுக்கு இதே ஊசி போட்டபோது, நோயுற்ற திசுவைச் சுற்றிப் பெரிய அழற்சி கிளம்பியது. தோலில் காசநோய் இருந்த சிலருக்குப் புண் உதிர்ந்து குணம் போலத் தெரிந்தது உண்மை. ஆனால் நுரையீரலில் திசு உதிர்ந்தால் எங்கே போகும்? ருடால்ஃப் விர்ச்சோ 1891 ஜனவரியில், ஊசி போட்டு இறந்தவர்களின் உடல்களை அறுத்துப் பார்த்ததைச் சபையில் விவரித்தார். கிருமிகள் சாகவில்லை. அடைபட்டுக் கிடந்தவை புது இடங்களுக்குப் பரவியிருந்தன. இந்த விஷயத்தை இன்னொருவரும் முன்கூட்டியே மோப்பம் பிடித்திருந்தார். ஷெர்லக் ஹோம்ஸை உருவாக்கிய ஆர்தர் கானன் டாய்ல்தான் அவர். டாக்டரான அவர் நவம்பரிலேயே பெர்லினுக்குப் போய், விரிவுரைக்கு அனுமதி கிடைக்காமல், உள்ளே போய் வந்த ஓர் அமெரிக்க டாக்டரின் குறிப்புகளை வாங்கிப் படித்து, இந்த மருந்து கிருமியைத் தொடவில்லை, அது குடியிருக்கும் திசுவைத்தான் தொடுகிறது என்று லண்டன் பத்திரிகைக்கு எழுதினார். துப்பறியும் புத்தி வீண் போகவில்லை.

காக் அவர்களை ஏமாற்றுக்காரர் என்று சிலர் எழுதுவதுண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. அவர் கினிப்பன்றியில் பார்த்தது நிஜமான ஒரு நிகழ்ச்சி. ஏற்கனவே நோயுள்ள கினிப்பன்றிக்கு இரண்டாவது முறை கிருமியை ஊசி போட்டால், அந்த இடத்துத் தோல் ஓரிரு நாளில் கறுத்துச் செத்து உதிர்ந்துவிடும். இரண்டாவது கிருமியும் அதோடு போகும். காவல் வேலை செய்தது, ஆனால் சொந்தத் தோலையும் சேர்த்துப் பலி கொடுத்து. தோல் மறுபடி வளரும். நுரையீரல் அப்படி வளராது. இந்த வித்தியாசத்தில்தான் அத்தனை பேரின் நம்பிக்கையும் இடிந்தது.

ட்யூபர்குலின் மருந்தாகத் தோற்று, பரிசோதனையாக ஜெயித்தது. 1907-ல் வியன்னாவில் க்ளெமென்ஸ் ஃபான் பிர்க்கே குழந்தைகளின் தோலில் அதைத் துளி வைத்துக் கீறிப் பார்த்தார். (அலர்ஜி என்ற சொல்லை 1906-ல் உருவாக்கியவரும் இவரே.) அடுத்த வருஷம் பிரான்சின் சார்லஸ் மாந்து அதையே ஊசி முறையாக்கினார். இன்றும் ஆஸ்பத்திரியில் முன்கையில் போட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து வரச்சொல்லி ஸ்கேல் வைத்து அளக்கிறார்களே, அந்த மாந்து டெஸ்ட்தான். இந்தச் சோதனைகளால் ஒரு திடுக்கிடும் உண்மை வெளிப்பட்டது. நல்ல ஆரோக்கியமாக ஓடியாடும் குழந்தைகளிலும் எத்தனையோ பேருக்குத் தோல் தடித்தது. கிருமி அவர்களுக்குள் போயிருக்கிறது, நோய் வரவில்லை. அப்படியானால் கிருமி நுழைவது வேறு, நோய் வளர்வது வேறு.

இதற்கு யாரும் வேண்டிக் கேட்காத ஒரு கொடூரமான நிரூபணம் 1930-ல் ஜெர்மனியின் லூபெக் நகரில் கிடைத்தது. பிறந்த குழந்தைகள் சுமார் 250 பேருக்கு வாய்வழியாகக் கொடுத்த பி.சி.ஜி. தடுப்பு மருந்தில், ஆய்வுக்கூடத் தவறால் வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்துவிட்டது. எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. படிக்கும்போது வயிறு எரிகிறது. ஆனால் மருத்துவர்கள் கவனித்த மறுபக்கமும் உண்டு. பெரும்பாலான குழந்தைகள், நோய் வந்தவர்கள் உட்பட, மருந்தே இல்லாத அந்தக் காலத்தில் தாமாகவே தேறின. ஒவ்வொரு குழந்தைக்கும் போன கிருமியின் அளவு ஒன்றல்ல என்பது வாஸ்தவம். ஆனாலும் உயிரோடு வாய்க்குள் போன கிருமியைப் பச்சிளங்குழந்தையின் உடம்பு மடக்கிப் போட்டிருக்கிறது!

எப்படி மடக்குகிறது? இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். மூச்சோடு உள்ளே போகும் கிருமியை மெட்ச்னிகாஃப் கண்ட விழுங்கு செல், அதாவது மாக்ரோஃபேஜ், விழுங்குகிறது. மற்றக் கிருமிகளானால் அங்கேயே ஜீரணம். இது மெழுகுச் சட்டை போட்ட கிருமி. விழுங்கியவன் வயிற்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். சில வாரங்களில் டி-செல்கள் வந்து சேர்ந்து விழுங்கு செல்களுக்கு முறுக்கேற்றுகின்றன. எல்லாருமாகக் கிருமியைச் சுற்றி அடுக்கடுக்காக நின்று ஒரு சுவர் எழுப்புகிறார்கள். க்ரானுலோமா என்று பெயர். நம்ம ஊர் ஏரிக்கரை மாதிரி. கரை நின்றால் கிருமி வருஷக்கணக்கில் உள்ளேயே கிடக்கும், ஆளுக்குத் தெரியவே தெரியாது. கிருமி புகுந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு வாழ்நாள் முழுக்க நோய் வராமல் இருப்பது இதனால்தான்.

கரை உடைவதும் அந்தக் காவலாட்களாலேயேதான். சுவரின் நடுவில் செல்கள் செத்துப் பாலாடைக்கட்டி போலத் திரள்கின்றன. காவல்செல்கள் வெளியிடும் நொதிகள் அந்தக் கட்டியை இளக்கி, பக்கத்து நுரையீரலையும் அரித்து, ஒரு குழியை உண்டாக்குகின்றன. குழி மூச்சுக்குழாயோடு சேர்ந்துவிட்டால் காற்று தாராளம். கிருமிக்குக் கொண்டாட்டம். கோடிக்கணக்கில் பெருகி, இருமலில் ஏறி அடுத்தவர் வீட்டுக்குப் போகிறது. சொல்லப் போனால், இந்தக் கிருமி ஊர் விட்டு ஊர் போகும் வண்டியே நம் உடம்பின் அதீத எதிர்ப்புதான்.

இதற்கு எச்.ஐ.வி. வந்தபிறகு ஒரு தலைகீழ்ச் சாட்சி கிடைத்தது. எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்துபோன எச்.ஐ.வி. நோயாளிகளின் எக்ஸ்ரேயில் குழி அதிகம் தென்படாது. சளியிலும் கிருமி குறைவு. ஆனால் சுவரே இல்லாததால் கிருமி உடம்பெல்லாம் பரவி ஆளைக் கொன்றுவிடும். அவர்களுக்கே எச்.ஐ.வி. மருந்து கொடுத்து எதிர்ப்புச் சக்தி திரும்பும்போது, சிலருக்கு நோய் திடீரென்று மூர்க்கமாகிறது. படை இல்லாத வரை அமைதியாக இருந்த ஊரில், படை திரும்பியதும் கலவரம்.

மருந்து இல்லாத காலத்தில் வைத்தியர்களின் ஒரே நம்பிக்கை, ஓய்வும் சோறும் நல்ல காற்றும் கொடுத்து உடம்பின் காவலைத் தேற்றுவதுதான். அதற்கு எழுந்தவையே சானடோரியங்கள். 1928-ல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் தொடங்கியதன் பெயரில் இன்றும் ஒரு மின்சார ரயில் நிலையமே இருக்கிறது. தினம் அந்த வழியாகப் போகிறவர்களுக்கு அது ஸ்டேஷன் பெயர் மட்டுமே. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952-ல் ஐசோனியசிடும் வந்தபின் கேள்வி மாறியது. மருந்து இருக்கும்போது சானடோரியம் வேண்டுமா?

உலகத்துக்கே இதற்குப் பதில் சொன்னது மெட்ராஸ். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் (இப்போது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) ஒரே மருந்தை ஒரு வருஷம் இரண்டு கூட்டத்துக்குக் கொடுத்தது. ஒரு கூட்டம் சானடோரியத்தில் ஓய்வு, நல்ல சாப்பாடு. இன்னொரு கூட்டம் நகரத்தின் நெருக்கடியான குடிசைகளில், கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு. 1959-ல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் சுமார் 92 சதவீதம் பேருக்கும், வீட்டில் சுமார் 86 சதவீதம் பேருக்கும் சளியில் கிருமி போயிருந்தது. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு முக்கியமான காரணம். ஸ்பர்டாங்க் ரோடு வழியாக நம்மில் எத்தனை பேர் எத்தனை தடவை போயிருப்போம்! அந்தக் கட்டடத்தை நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்?

அடுத்த பெரிய ஆய்வும் நம் மண்ணில்தான். 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பி.சி.ஜி.யோ வெறும் ஊசியோ போட்டு, பதினைந்து வருஷம் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. அங்கே தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. நம் மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள இதே ஜாதிச் சாதுக் கிருமிகளோடு நம் உடம்பு முன்பே பழகிவிட்டதால், ஊசி புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை என்பது பலர் சொல்லும் விளக்கம். குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாகவும் உடல் முழுக்கவும் வரும் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கிறது, அதனால்தான் பிறந்தவுடன் போடுகிறோம். காவலைப் பழக்குவது ஊசி போடுவது போல அவ்வளவு எளிதல்ல என்பது செங்கல்பட்டில் தெரிந்தது.

சரி, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். உருக்குவது யார்? 1985-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ப்ரூஸ் பாய்ட்லரும் அந்தோனி செராமியும், நோயுற்ற பிராணிகளை இளைக்க வைக்கும் காக்கெக்டின் என்ற பொருளைத் துருவிக்கொண்டிருந்தார்கள். சுத்தம் செய்து பார்த்தால் அது டி.என்.எஃப். என்று வேறு காரணத்துக்காக முன்பே பெயர் வைத்த அதே பொருள்! உருக்கும் பொருளைச் சுரப்பது கிருமி அல்ல, நம்முடைய விழுங்கு செல்கள். காவல்காரன் ஊதும் விசில் அது.

அப்படியானால் விசிலைப் பிடுங்கிவிட்டால்? மூட்டுவாதத்துக்கும் குடல் அழற்சிக்கும் டி.என்.எஃப்-ஐத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்து 1998-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. முடங்கிக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 2001-ல் அறிக்கை வந்தது: அந்த மருந்து எடுத்தவர்களில் 70 பேருக்குக் காசநோய். பெரும்பாலோருக்கு முதல் மூன்று ஊசிக்குள். பாதிக்கு மேற்பட்டோருக்கு நுரையீரலைத் தாண்டியும் பரவியிருந்தது. கரையைக் காத்த சிமெண்டை எடுத்துவிட்டோம், பழைய தண்ணீர் வெளியே வந்துவிட்டது. இந்த வகை மருந்து தொடங்குமுன் காசநோய்ச் சோதனை செய்வது அதற்குப் பிறகு கட்டாயமானது.

ஆக, உருக்கும் பொருளே காக்கும் பொருள். அதிகமானாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. இதைக் கண்ணால் பார்க்க வைத்தவர் பரோடாவில் மருத்துவம் படித்து அமெரிக்கா போன டாக்டர் லலிதா ராமகிருஷ்ணன். (நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை.) மெட்ச்னிகாஃப் போலவே இவரும் உள்ளே தெரியும் மீன் குஞ்சைத்தான் எடுத்துக்கொண்டார், இது வரிக்குதிரை மீன். காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவுக்கிருமியை அதற்குக் கொடுத்து, 2010-லும் 2012-லும் அவரது குழு காட்டியது இது: டி.என்.எஃப். குறைந்த மீனில் விழுங்கு செல்கள் கிருமியை அடக்க முடியாமல் வெடிக்கின்றன. கூடிய மீனில் முதலில் கிருமி நன்றாகவே சாகிறது, பிறகு செல்களும் தாமே சாகின்றன. இரண்டிலும் கிருமி வெளியே வந்து தாராளமாக வளர்கிறது. எதிரெதிர்ப் பாதை, ஒரே முடிவு.

இது மீனோடு நிற்கவில்லை. வியட்நாமில் மூளைக்காய்ச்சலாக வந்த காசநோய்க்கு, கிருமி மருந்தோடு அழற்சியை அடக்கும் டெக்ஸாமெதசோனும் கொடுத்து 545 பேரிடம் செய்த ஆய்வு 2004-ல் வந்தது. இறப்பு 41 சதவீதத்திலிருந்து 32 சதவீதமாகக் குறைந்தது. காவலை அடக்கி உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்கள்! அந்த நோயாளிகளின் மரபணுவைப் பார்த்தபோது, அழற்சி அதிகமாகும் வகையினருக்கே இந்த மருந்து பெரிதும் உதவியதாக மீன் குழுவினர் சொன்னார்கள். பிற்பாடு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்த மரபணுக் கணக்கு அவ்வளவு நேராக நிற்கவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு டெக்ஸாமெதசோன் பலன் தரவில்லை என்றும் 2023-ல் தெரிந்தது. எந்த ஆளுக்குப் பிரேக் போட வேண்டும், எந்த ஆளுக்கு ஆக்ஸிலரேட்டர் என்று முன்கூட்டியே சொல்லும் மீட்டர் இன்னும் நம் கையில் இல்லை.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2020-ல் கொரோனா வந்தபோது கஷாயப் பொடியிலிருந்து சூயிங்கம் வரை எல்லாவற்றையும் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று சொல்லி விற்றார்கள். அதே வருஷம் இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வில் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் உயிரைக் காத்தது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் அதே டெக்ஸாமெதசோன். ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் கோபமும் வருகிறது.

சேத்துப்பட்டு ஆய்வைப் படித்த சிலர், அப்போ சாப்பாட்டுக்கும் காசநோய்க்கும் சம்பந்தமில்லையா என்று கேட்பதுண்டு. அந்த ஆய்வு சொன்னது, மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் குடிசையிலும் குணமாகும் என்பதுதான். நோய் வராமல் தடுப்பதில் சோற்றின் பங்கு வேறு கதை. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தார் பத்தாயிரம் பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு அரிசியும் பருப்பும் மாதாமாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2023-ல் வந்த முடிவின்படி, அவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. காவலாளிக்குச் சோறு போட்டால் அவன் அளவோடு காவல் காக்கிறான். பட்டினி கிடக்கும் உடம்பில் சுவரும் சரியாக எழுவதில்லை, எழுந்த சண்டையைத் தாங்கத் தசையும் இல்லை.

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியான அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில விஷயங்களைப் பார்க்கிறார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு, மூச்சும் ஆக்ஸிஜனும் எப்படி, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. உடல் எடைக் குறியீடு 14 அல்லது அதற்குக் கீழே என்றால் மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதில்லை, படுக்கை ஏற்பாடு செய்து சேர்த்துக்கொள்கிறார்கள். எடை பார்க்கும் மெஷினும் விரலில் மாட்டும் ஒரு க்ளிப்பும் இருந்தால் போதும், லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.